தொட்டியில் எதை ஊற்றுவது?

டைனமோவை ரிப்பேர் செய்வது பாதி வேலைதான். அது உண்டாக்கும் மின்சாரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் மீதி வேலை. அடுப்படியோ இஸ்திரிப் பெட்டியோ, சூட்டோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் டெஸ்ட் கொட்டகை என் பொறுப்பில் இருந்தது. ரிப்பேரான டைனமோ காலையிலிருந்து பொழுது சாயும்வரை முழுப் பாரத்தில் ஓடிக் காட்ட வேண்டும். அதன் மின்சாரத்தை இரும்புக் கம்பிச் சுருள்களுக்குள் விடுவோம். சுருள் பழுத்து அறுந்துவிடாமலிருக்க, ஒரு தொட்டியில் திரவம் ஊற்றி அதற்குள் முக்கி வைப்போம். எந்தத் திரவம் என்பது என் தலைவலி. சாயங்காலம் எங்கள் ஃபோர்மன் அந்தோணி அண்ணன் டைனமோவின் முதுகில் உள்ளங்கையை வைப்பார். சூடு பொறுத்து, வைத்த கையை எடுக்காமல் நின்றால் பாஸ்.

டீத்தண்ணி

ஐஸ் ஃபேக்டரி மரைக்காயருடைய மெஷினை ஓட்டும் டைனமோ வந்தபோதுதான் எனக்குச் சோதனைக் காலம் பிறந்தது. அதுவரை நாங்கள் பார்த்ததெல்லாம் சின்ன உருப்படிகள். குழாய்த் தண்ணீரே போதும். இது யானை. மரைக்காயருக்கோ அவசரம். மீன்பிடிப் படகுக்காரர்கள் அவரிடம்தான் ஐஸ் எடுப்பார்கள். சனிக்கிழமைக்குள் மெஷின் ஓடாவிட்டால் சீன முதலாளியான தவுக்கேயின் ஐஸ் ஃபேக்டரிக்கே நிரந்தரமாகப் போய்விடுவதாக அவர்கள் சொல்லிவிட்டார்கள். படகு போனால் ஃபேக்டரியை மூட வேண்டியதுதான்.

வழக்கம்போலத் தண்ணீரை ஊற்றி ஓட்டினேன். டைனமோ சூடேறுவதற்கு முன்பே தொட்டி கொதித்து, கொட்டகை முழுக்க ஆவி. வறட்சி மாதம் வேறு. பகலில் குழாயில் நூல் போலத்தான் தண்ணீர் வரும், மாற்றி ஊற்ற வழியில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மரைக்காயர் கேட்டார்: "ஏன் தம்பி, நான் ஐஸ் போடுற மெஷினத்தானே குடுத்தேன்? நீ டீத்தண்ணி போட்டுக்கிட்டு இருக்கியே!"

எதிரே இருக்கிற கடல்

"இவ்வளவு பெரிய கடல் எதிர்லயே கிடக்குது, குழாயை நம்பி நிக்கிறீங்களே" என்று மரைக்காயரே ஒரு யோசனை சொன்னார். தீவில் இருப்பவர்களுக்குக் கடல் என்றால் இலவசம் என்றொரு நினைப்பு உண்டு. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மண்ணெண்ணெய் டின்களில் மொண்டு வந்து தொட்டியை நிரப்பினோம்.

உப்புத் தண்ணீருக்கு மின்சாரம் என்றால் கொள்ளை ஆசை என்பது சுவிட்சைப் போட்ட பிறகுதான் உறைத்தது. மின்சாரம் சுருளை மதிக்காமல் தண்ணீருக்குள்ளேயே குறுக்கு வழியில் பாய்ந்தது. தொட்டி நுரைத்துப் பொங்கியது, சலவைத் தூளைக் கொட்டியது போல ஒரு நெடி மூக்கைப் பிடுங்கியது, ஃபியூஸ் வெடித்தது. நல்ல வேளை, டைனமோ தப்பித்தது. அந்தோணி அண்ணன் இருமி முடித்துவிட்டு மரைக்காயரைப் பார்த்துப் பினாங்கு 'லா' போட்டுச் சொன்னார்: "ஐயா, கடல் மீனுக்கு நல்லதுலா. நமக்கு வேணாம்."

பணியாரம்

மின்சாரம் பாயாத திரவம் வேண்டும் என்றால் எண்ணெய்தான். அதற்கென்றே உள்ள எண்ணெய் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், சனிக்கிழமைக்குள் வராது. ஆகவே மார்க்கெட் தெருவிலிருந்து டின் டின்னாகத் தேங்காய் எண்ணெய் வாங்கி ஊற்றினேன். பொங்கவில்லை, நுரைக்கவில்லை, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் எண்ணெய் வாங்கிய சூட்டை வெளியே விடவே இல்லை. மத்தியானம் புகைய ஆரம்பித்ததும், தீப்பிடிக்கும் என்று நானே பயந்து நிறுத்தினேன். அதற்குள் வாசனை தெருக்கோடிவரை போய்விட்டது. பக்கத்து ஆப்பக்கடை பாக்கியம் அக்கா கையில் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார்: "எண்ணெய் நல்லா காஞ்சிருச்சு தம்பி, பணியாரம் எப்ப ஊத்துவீங்க?"

சிரித்தேன். ஆனால் அக்கா பணியாரத்தை எண்ணெயிலிருந்து எடுத்துத் தட்டில் ஆற வைப்பதைத் தினமும் பார்ப்பவன் நான். சூட்டை வாங்க ஒன்று, ஆற்ற இன்னொன்று வேண்டும் என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. அந்தத் தட்டுக்கு நான் என்றும் நன்றி உள்ளவன்.

தவுக்கேயின் வண்டி

முற்றத்தில் கிடந்த பழைய சம்பான் படகுக்குள் ராத்திரிக் குழாய்த் தண்ணீரை நிரப்பி, எண்ணெய்த் தொட்டியை அதன் நடுவே இறக்கினேன். சுருளின் சூடு எண்ணெய்க்கு, எண்ணெயின் சூடு தண்ணீருக்கு. சனிக்கிழமை காலை ஓட்டினோம். பத்து மணிக்கெல்லாம் சம்பான் தண்ணீரும் சுட ஆரம்பித்தது. டின்னில் கடல் தண்ணீர் மொண்டு ஊற்றினாலும் ஈடுகட்டாது. ஐஸ் வேண்டும். மரைக்காயரிடம் ஒரு துண்டு ஐஸ் இல்லை. மெஷின்தான் இங்கே இருக்கிறதே! "தவுக்கே வாசல்ல போய் நிக்கவா? நான் செத்தாலும் மாட்டேன்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவரிடம் சொல்லாமல் நானே போய் நின்றேன். எந்த டைனமோவுக்கு என்பதையும் மறைக்காமல் சொன்னேன். தவுக்கே சுருட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். துரத்திவிடப்போகிறார் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கோணி போர்த்திய மாட்டு வண்டி நிறைய ஐஸ் எங்கள் பட்டறைக்கு முன்னால் நின்றது. மத்தியானம் கேட்காமலே இன்னொரு வண்டி வந்தது. பொழுது சாய்ந்தபோது அந்தோணி அண்ணன் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவில்லை. மரைக்காயர் என் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அன்று ராத்திரியே மெஷின் ஓடியது, படகுகள் அவரை விட்டுப் போகவில்லை.

மறுநாள் மெஷின் போட்ட முதல் ஐஸைத் தம் வண்டியில் ஏற்றி, மரைக்காயரே தவுக்கே வாசலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். துறைமுகத்துத் தமிழர்களோடு பழகிய கொச்சைத் தமிழில் தவுக்கே சொன்னார்: "உன் மெஷின் செத்தா மீன் கெட்டுப் போகும்லா. மீனுக்கு உன் ஐஸ், என் ஐஸ் தெரியுமா?"

சூட்டைத் தணிக்க எந்தத் திரவம் உசத்தி என்று இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால், தொழில் போட்டிக்காரர் அனுப்பிய ஐஸ் உருகிய தண்ணீர் என்றுதான் சொல்வேன், ஆனால் அது எந்தக் கடையிலும் விற்பனைக்குக் கிடைக்காது.