மேஸ்திரி உட்காரட்டும்

சாஃபி துறைமுகத்து மீன் டின் கம்பெனியில் மஹ்ஜூபா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு முகப்பருகூட மறைந்திருக்கவில்லை. இப்போது மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. மத்தியைத் தலை கிள்ளி டின்னில் அடுக்கும் அவள் கை இத்தனை காலத்தில் ஓய்ந்ததில்லை, வாய் திறந்ததுமில்லை.

அந்த வாரம் மூடி அடிக்கும் மிஷின் சிக்கிக்கொண்டது. டின்கள் நகரும் பெல்ட்டை நிறுத்தும் உரிமை மேஸ்திரி புஷ்தாவுக்கு மட்டும்தான். மனுஷனைக் காணோம். பெண்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். திறந்த டின்கள் மலையாய்க் குவிந்து, அத்தனை மீனும் நாறிப்போனது. பழி, வரிசைக் கடைசியில் நின்ற, புதிதாகச் சேர்ந்த இத்தோவின் தலையில் விழுந்தது. வேலை போனால் அவள் மலையூரில் இருக்கும், அடிக்கிற அண்ணன் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட்டு முடித்ததும், தகராறைப் பேசித் தீர்க்கக் கம்பெனி காசாபிளாங்காவிலிருந்து வரவழைத்த கிஸ்லான் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னாள்.

"இங்க யாரும் குத்தவாளி இல்ல. என்ன நடந்துச்சு, அடுத்த தடவ எப்படிச் சேர்ந்து சமாளிக்கலாம்னு பேசுவோம். அன்னைக்கு வேலை எப்படிப் போச்சு?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லாப் போச்சு," என்றாள் முதல் பெண். அடுத்தவளும் அதையே சொன்னாள். வட்டம் முழுக்க அதே பதில். 'எப்படி' என்று கேட்டால் வேறு எதுவும் சொல்லி அங்கே யாருக்கும் பழக்கமில்லை.

"நல்லாப் போச்சுன்னா மீன் ஏன் நாறுச்சு?"

"அது அதிகப்பிரசங்கி மேடம், தானா நாறிடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். இத்தோவின் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்ற புஷ்தா சிரிக்கவில்லை. "இவ மன்னிப்பு கேட்டுட்டு வீட்டுக்குப் போகட்டும். முடிச்சுக்கலாம்."

இத்தோ எழப் போனாள். பக்கத்திலிருந்த மஹ்ஜூபா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"மேடம், மேஸ்திரி உட்காரட்டும். முதுகுக்குப் பின்னால ஒருத்தர் நிக்கிற வரைக்கும் இது பேச்சு இல்ல, போலீஸ் ஸ்டேஷன்."

"ஏம்மா மஹ்ஜூபா, உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா?" என்றார் புஷ்தா.

"இருக்கு. மீன் நாத்தத்துக்கு மூடி வச்சிருந்தேன்."

கிஸ்லான் காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள். புஷ்தா அசையவில்லை. வெளியே மீன் லாரி ஹாரன் அடித்தது.

"போதும், எந்திரிங்க! சரக்கு வந்தாச்சு."

யாரும் எழவில்லை. புஷ்தா மஹ்ஜூபா பக்கம் திரும்பினார்.

"உன்னை வேலைய விட்டே தூக்கிடுவேன்!"

"அப்ப நாங்களும் போறோம். மீன நீங்களே அடுக்குங்க மேஸ்திரி," என்றது எதிர் நாற்காலி ஒன்று.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நானே ஆரம்பிக்கிறேன்," என்றாள் மஹ்ஜூபா. "டின் குவியறதப் பார்த்தேன். கூப்பிட்டா கத்துவீங்கன்னு பேசாம இருந்தேன். நீங்க எங்க போனீங்க?"

புஷ்தா தொண்டையைச் செருமினார். "பின்பக்கம்... சிகரெட் குடிக்க."

"சரி, அடுத்த தடவ பெல்ட்ட யார் நிறுத்தலாம்?" என்றாள் கிஸ்லான்.

"குவியறத முதல்ல பார்க்கிறவ," என்றாள் இத்தோ, தரையைப் பார்த்தபடி.

புஷ்தா எழுந்தார்.

"இத்தோவும் வேலைல இருப்பா," என்றாள் மஹ்ஜூபா.

அவர் 'சரி' என்று சொல்லும்வரை ஒருத்தியும் நாற்காலியை விடவில்லை.