வெளியே வந்த கெளுத்தி

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துத் தண்ணீர்த் தொட்டி நாகலெட்சுமியின் பொறுப்பு. ஓடையில் பிடித்த விரல் நீளக் கெளுத்தி ஒன்றை அதற்குள் விட்டிருந்தாள். மேலே மலைச்சரிவில் உருளைக்கிழங்குக்குப் பூச்சிமருந்தடித்தால் முதலில் மீனுக்குத்தான் தெரியும் என்பது அவள் கணக்கு. கெளுத்தியோ பகலில் கல்லுக்கடியை விட்டு அசையாது. ஆகவே தினமும் மீனைப் பார்க்கப் போகிறவள், அதைக் காணாவிட்டால்தான் நிம்மதியாகத் திரும்புவாள்.

திருவிழாவன்று காலை மீன் மேலே வந்திருந்தது. மீசை தண்ணீருக்கு வெளியே தெரிய, வாயைத் திறந்து திறந்து மூடியது. நாகலெட்சுமி வால்வை இறுக்கி மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கீழே அன்னதான அடுப்பு எரிந்தது. அரிசி கழுவத் தண்ணீரில்லை. கோயில் தலைவர் கந்தப்பன் மூச்சு வாங்க ஏறி வந்தார். பின்னாலேயே பாதி லயம் வந்தது. ஒரு மீனுக்காகச் சாமியைப் பட்டினி போடுகிறாளே என்றார்கள். தண்ணீரில் மருந்திருந்து திறந்துவிட்டால் பிள்ளைகள் வயிற்றுக்குள் போகும். இல்லாமலிருந்தால் நாளைக்கே வால்வு வேறு கைக்குப் போய்விடும்.

“தொறந்து விடு தங்கச்சி. மழையே இல்ல, மருந்து எப்படி எறங்கும்?” என்றார் கந்தப்பன்.

“மீன் மேல வந்திருக்குங்கண்ணே.”

“திருவிழா பாக்க வந்திருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

“அப்ப நீங்க ஒரு மொடக்கு குடிங்க. தொறந்துர்றேன்.”

சிரிப்பு நின்றது. கந்தப்பன் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். குடிக்கவில்லை, கீழே வைக்கவுமில்லை.

“நேத்து சாயந்திரம்… தெய்வ காரியமாச்சேன்னு, தண்ணி சுத்தமா இருக்கட்டும்னு, பிளீச்சிங் பவுடர் போட்டேன்.”

“எவ்வளவுங்கண்ணே?”

“பையில இருந்தது பூரா.”

பனிக்குத் தடிமல் பிடித்து அடைத்திருந்த அவள் மூக்குக்கு அந்த வாடை தெரிந்திருக்கவில்லை. அழுக்குக்குக் காவல் வைத்த மீனைச் சுத்தம் வந்து பிடித்திருந்தது.

தொட்டித் தண்ணீரைத் தேயிலைக்குள் வடித்துவிட்டார்கள். ஓடையிலிருந்து குடம் சுமந்தவர்களில் கந்தப்பனும் ஒருவர். மதியச் சோறு மாலையில் வெந்தது. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

நாகலெட்சுமி கெளுத்தியை வாளியில் கொண்டுபோய் ஓடையில் விட்டாள். ஒருபக்கமாகச் சாய்ந்தபடியே அது கல்லுக்கடியில் போனது. அப்புறம் காணவில்லை. இத்தனை காலமும் காணாததுதான் அவளுக்கு நல்ல செய்தி. இன்று அது என்ன செய்தியென்று தெரியவில்லை. கல்லைப் புரட்டிப் பார்க்கக் குனிந்தவள், கையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே இருந்தாள்.