பி ஷிப்டுக்குப் போன மாணவன்

எங்கள் கல்லூரியில் மாணவர் தேர்தல் கிடையாது. தேர்தல் வைத்தால் சாதிச் சண்டை வரும், கட்சிக்காரன் உள்ளே நுழைவான் என்று காரணம் சொல்வார்கள். அதனால் ஒவ்வொரு துறையிலும் யார் முதல் மார்க்கோ அவரே மாணவர் பிரதிநிதி. துறைத் தலைவர் வகுப்புக்கு வந்து பெயரைச் சொல்லுவார், நாங்கள் கை தட்டுவோம், கதை முடிந்தது. பி.காம் மூன்றாம் ஆண்டில் என் வகுப்புத் தோழி ஒருத்தி பிரதிநிதி ஆனது அப்படித்தான். நான் பலமாகவே கை தட்டினேன், ஏனென்றால் அவளை எனக்குப் பிடிக்கும்.

அவளுக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம். சொந்த நிலம், நெல், பம்ப்செட் எல்லாம் உள்ள வீடு. விடுதியில் தங்கிப் படித்தாள். நான் எளாவூர். அவள் வீட்டு நிலம் போன்ற நிலங்களில் கூலிக்கு நடவு நட்டவர்கள் எங்கள் ஆட்கள். அம்மா காலத்தில் வயலை விட்டுக் கம்பெனிக்குள் வந்துவிட்டோம். அப்பா போன பிறகு அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் பி ஷிப்ட் போனேன். இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்தால்தான் வாடகையும் கட்டி, சாப்பிடவும் முடியும். பட்டம் வாங்கினால் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள். அம்மா அதைக் கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

பி ஷிப்ட் என்றால் மதியம் தொடங்கும் வேலை. எங்கள் கல்லூரி காலையில் தொடங்கி ஒரு மணிக்கெல்லாம் விட்டுவிடும். மணி அடித்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து பைபாஸில் இறங்கினால் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். இந்த ஒரு மணியை நம்பித்தான் நான் அந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். என்னைப் போல இன்னும் பலர் சேர்ந்திருந்தார்கள். பின் வரிசை பெஞ்சுகளில் காலையிலேயே தூங்கி வழிகிறவர்களைப் பார்த்தால் போதும், யார் எந்த ஷிப்ட் என்று நான் சொல்லிவிடுவேன்.

ஆனால் ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். எங்களை வேலைக்கு எடுப்பது கம்பெனி அல்ல, கான்ட்ராக்டர். அவருக்கு வேண்டியது பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற பையன். கல்லூரியில் படிக்கிறவன் என்று தெரிந்தால் பரீட்சைக்கு லீவு கேட்பான், ஆடிட் வந்தால் கேள்வி வரும், நமக்கெதற்கு வம்பு என்று கழற்றி விடுவார். அதனால் கல்லூரியில் கம்பெனியை மறைத்தோம், கம்பெனியில் கல்லூரியை மறைத்தோம்.

அந்த வருஷம் கல்லூரியை ஆய்வு செய்ய வெளியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. ‘கமிட்டி வருது’ என்றால் எங்கள் கல்லூரியில் கழிவறைக்குக் கதவு வரும், நூலகத்தில் மின்விசிறி சுற்றும். முடிவெடுக்கும் கூட்டங்களில் மாணவர்களும் உட்காருகிறார்களா என்று கமிட்டி கேட்குமாம். எனவே கழிவறைக் கதவோடு சேர்த்து, நிர்வாகக் கூட்டத்தில் மாணவர் பிரதிநிதிக்கும் ஒரு நாற்காலி வந்தது. மேஜையைச் சுற்றிப் போட்டது குஷன் நாற்காலி. இவளுக்குச் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து அவள் சொன்னதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். கூட்டம் தொடங்கும் முன்பே போட்டோ எடுத்துவிட்டார்களாம். அவள் எழுந்து நின்று பேசுவது போல ஒன்று, முதல்வர் அதைக் குறித்துக்கொள்வது போல ஒன்று. அதற்குப் பிறகு கடைசி வரை அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமோசா மட்டும் நன்றாக இருந்தது என்றாள்.

சிரித்து முடித்த பிறகு அவள் இன்னொரு சேதி சொன்னாள். அடுத்த மாதத்திலிருந்து கல்லூரி சாயங்காலம் நான்கு மணி வரை நடக்கப் போகிறது. மதியம் முழுக்க எல்லோருக்கும் வேலைவாய்ப்புப் பயிற்சி. நேர்முகத் தேர்வில் எப்படி உட்காருவது, எப்படிப் பேசுவது என்று சொல்லித் தருவார்களாம். வராதவர்களுக்கு வருகைப் பதிவு குறையும், பரீட்சை எழுத விடமாட்டார்கள். வேலை வாங்குவது எப்படி என்று கற்றுக்கொள்ள, இருக்கிற வேலையை நான் விட வேண்டும். இதை யோசித்த மகராசன் யாரோ, அவர் பஸ்ஸில் போய் வேலை பார்த்த ஆளாக இருக்க முடியாது.

அடுத்த கூட்டத்தில்தான் இதை உறுதி செய்வார்கள், அதற்குள் பேசலாம் என்றாள் அவள். அவளுக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி மேல் உண்மையாகவே நம்பிக்கை இருந்தது. மாணவர் சார்பாக உட்கார வைத்திருக்கிறார்கள், சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று வாதாடினாள். மதியம் வேலைக்குப் போகிறவர்கள் யார் யார் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் போட்டாள். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. அப்படியானால் யாருமே இல்லையா என்று நேரில் கேட்டபோது, வேறு வழியில்லாமல் அவளைக் கல்லூரி கேன்டீன் பின்பக்கம் கூட்டிப் போய் எங்கள் விஷயத்தைச் சொன்னேன். நாங்கள் எத்தனை பேர் என்று தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று வருஷம் எங்களோடு ஒரே அறையில் உட்கார்ந்தவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

யாராவது ஒருவர் கூட வந்து சொன்னால்தான் நம்புவார்கள் என்றாள். மற்றவர்கள் என்னைவிட விவரமானவர்கள், நழுவிவிட்டார்கள். என் படிப்பு போகப் போகிறது, நான் பேசாமல் யார் பேசுவது என்ற வேகத்தில் நான் போனேன்.

கூட்டம் முடிந்ததும் பஸ் பிடிக்க வேண்டியிருந்ததால் மேலே சாதாரணச் சட்டையும் கீழே கம்பெனி பேண்ட்டும் போட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பேண்ட் நிறத்தைப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். கல்லூரியை நடத்தும் தாளாளர் சொல்ல மாட்டாரா? நான் உள்ளே போய் நின்றதுமே, அந்தக் கம்பெனியிலா தம்பி வேலை பார்க்கிறாய் என்று பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டார். தலையாட்டுவதைத் தவிர எனக்கு வழியில்லை.

தாளாளர் நல்ல மனிதர். கிண்டலுக்குச் சொல்லவில்லை. கட்டணம் கட்ட முடியாமல் நின்ற எத்தனையோ பிள்ளைகளுக்குத் தள்ளுபடி கொடுத்தவர். நான் திக்கித் திணறிச் சொன்னதையெல்லாம் முழுதாகக் கேட்டார். அப்பா இல்லை என்றதும் முகம் மாறிவிட்டது. “இதுக்கா இவ்ளோ பயந்துகினு நிக்கிற?” என்றபடி போனை எடுத்தார். அந்தக் கம்பெனி மேனேஜர் அவருக்கு நன்றாகத் தெரிந்தவராம். நம்ம காலேஜ் பையன், ரெகுலர் ஸ்டூடண்ட், அப்பா இல்லாத பிள்ளை, அவனுக்கு ஷிப்டை மாற்றிக் கொடுங்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் பேசி முடித்தார். மேஜையைச் சுற்றி எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. முதல்வர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். மறைக்க வேண்டியதை அவர் சொல்லிவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. ஆனாலும் அவ்வளவு பெரிய மனிதர் எனக்காகப் பேசுகிறாரே என்று அந்த நிமிஷம் சந்தோஷமாகவும் இருந்தது.

அவள் மட்டும்தான் எழுந்து நின்றாள். இவர் ஒருவருக்காக வரவில்லை சார், இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், நேரத்தை மாற்றுவது பற்றித்தான் பேச வந்தோம் என்றாள்.

“அவங்களையும் ஒவ்வொருத்தரா வரச் சொல்லும்மா,” என்றார் தாளாளர். “யார் யாருக்கு எந்தக் கம்பெனின்னு சொல்லு. எல்லாருக்கும் போன் பண்ணி சொல்லிடலாம்.”

அதோடு எங்கள் பேச்சு முடிந்தது. நேர மாற்றம் அடுத்த நிமிஷமே நிறைவேறியது, நாங்கள் இன்னும் அறையை விட்டு வெளியே கூட வரவில்லை. ஒருவருக்கு உதவி செய்வது எப்படி என்று அந்த மேஜைக்கு நன்றாகத் தெரியும். ஒரு முடிவை மாற்றலாமா என்று யோசிக்கத்தான் பழக்கமில்லை. உரிமையாகக் கேட்கப் போன எங்களைச் சிபாரிசு கேட்டு வந்தவர்களாக்கி, தோளில் தட்டி அனுப்பிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் கம்பெனி கேட்டில் என் அட்டையைக் காட்டினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி காட்டினேன், மறுபடியும் சிவப்பு. பின்னால் நின்றவர்கள் ஒதுங்கிப் போகச் சொன்னார்கள். ஓரமாக நின்று கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். அவர் கத்தவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“காலேஜ்லேர்ந்து உனுக்கு சிபாரிசு வந்துகீது. என் லைசென்சுக்கே பேஜாரு பண்ணிட்ட. ஊட்டுக்குப் போ,” என்றார்.

சேதி அன்றைக்கே வகுப்புக்குள் பரவிவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பின் பெஞ்சுக்காரர்கள் அவளை சைக்கிள் ஸ்டாண்டில் மடக்கி, எங்கள் பெயர் எவன் காதுக்கும் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். அவள் அழுதுகொண்டே சத்தியம் செய்திருக்கிறாள். அவர்கள் அடுத்தடுத்து இரவில் நடக்கும் சி ஷிப்டுக்கு மாறிக்கொண்டு, தூக்கமில்லாமல் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்த வழியும் அடைபட்டுப் போனது. கான்ட்ராக்டர்கள் எல்லோரும் ஒரே டீக்கடையில் டீ குடிக்கிறவர்கள். எங்கே போனாலும், நீதானே அந்தக் காலேஜ் பையன் என்றார்கள். சில நாள் வேலை இல்லாமல் கல்லூரிக்குப் போய் மதியப் பயிற்சியில் உட்கார்ந்தேன். கேட்ட கேள்விக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்று அங்கே கற்றுக் கொடுத்தார்கள். வீட்டில் அம்மா, சாயங்காலமும் இன்னொரு கம்பெனியில் துடைக்கும் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். சோப்புத் தண்ணீரில் ஏற்கெனவே அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது.

“ஒரு வருசம்தானே நைனா, நான் பாத்துக்கறேன். நீ படி,” என்றாள்.

அந்தக் கையைப் பார்த்த பிறகு என்னால் படிக்க முடியவில்லை. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஜெனரல் ஷிப்டுக்கு ஆள் எடுத்தார்கள். அந்த கான்ட்ராக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கல்லூரியில் டி.சி. வாங்கிக்கொண்டு வா, அப்போதுதான் நீ படிப்பை விட்டுவிட்டாய் என்று நம்புவேன் என்றார். வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா அன்று என்னோடு பேசவே இல்லை.

சில வாரம் கழித்து ஒரு காலை, பைபாஸில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து அவள் இறங்கி வந்தாள். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. முந்தின நாள் மறுபடியும் கூட்டம் நடந்ததாம், கமிட்டியும் அதில் வந்து உட்கார்ந்திருந்ததாம். கமிட்டியில் ஒரு அம்மா நேராக இவளைப் பார்த்தே கேட்டிருக்கிறார். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற மாணவர்கள் இங்கே இருக்கிறார்களா, இந்த நேர மாற்றத்தால் அவர்களுக்கு ஏதாவது கஷ்டம் உண்டா?

அந்த அறையில் ஒருவர் உண்மையாகவே அவளைக் கேட்டது அதுதான் முதல் தடவை. முதல்வரும் தாளாளரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இருக்கிறார்கள் என்று சொன்னால் அடுத்த கேள்வி யார் யார் என்பதாகத்தான் இருக்கும். பெயர் வெளியே வந்தால் போன் போகும்.

“யாரும் இல்ல மேடம்னு சொல்லிட்டேன்,” என்றாள். “ஒரு பையன் இருந்தான், அவனும் நின்னுட்டான்னு பிரின்சிபால் சொன்னாரு. அந்தம்மா சரின்னு எழுதிக்கினாங்க.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டாள். எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. அந்தப் பின் பெஞ்சில் நான் இன்னும் இருந்திருந்தால் நானும் அதே சத்தியத்தைத்தான் வாங்கியிருப்பேன்.

“நீ சொன்னதுதான் சரி பா,” என்றேன்.

“சரின்னா நீ ஏன் இங்க நிக்கிற?”

இப்போது நான் அந்தக் கம்பெனியில் நிரந்தர ஆள், அம்மா வேலைக்குப் போவதில்லை. அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அன்றைக்கு பஸ் வந்து ஹாரன் அடித்தது, நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் காலை வகுப்புக்குப் போக எதிர்ப் பக்கம் சாலையைத் தாண்டினாள். அங்கே எங்கள் பின் பெஞ்சுப் பையன் ஒருவன் இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தெரியாதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவளும் திருப்பிக்கொண்டாள்.