கோணிக்கு அடியில் ஜாங்கிரி

சவரிமுத்துவின் கணக்கு நோட்டிலிருந்து:
14.06.2022 – வீட்டு முன்பணம் – ரூ. 20,000
03.09.2023 – பாம்பு – ரூ. 22,000
03.09.2023 – கண்ணாடிப் பெட்டி, சூட்டு விளக்கு – ரூ. 9,400
19.08.2024 – ஜெர்மனிக்கு விமானச் சீட்டு – ரூ. 46,300
13.01.2025 – பெட்டிக்குப் பூட்டு – ரூ. 140

கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்ற ஊரின் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்த சவரிமுத்து மாட்டுக்குப் பயந்தவர் அல்ல. முட்டுகிற காளையையும் மூக்கணாங்கயிற்றில் பிடித்து நிறுத்தி ஊசி போட்டுவிடுவார். பாம்பு என்றால் மட்டும் அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அப்படிப்பட்டவர் வீட்டு உள்ளறையில்தான் ஆப்பிரிக்க வகை மலைப்பாம்பு ஒன்று இருந்தது. விஷம் கிடையாது. நீட்டினால் மூன்றடி, சுருண்டால் ஒரு தட்டுக்குள் அடங்கும். அதனாலேயே மகள் மோனிஷா அதற்கு ஜாங்கிரி என்று பெயர் வைத்தாள். அப்பா கொடுத்த பணத்தில், வனத்துறையில் தன் பெயரில் முறையாகப் பதிவு செய்து அவளே வாங்கியது.

தாய் இறந்தபின் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்ட பெண் அவள். நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போனபோது, "ஜாங்கிரிய பாத்துக்கோங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் போனில் முகம் காட்டுவாள். சவரிமுத்து போனைக் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே பிடிப்பார். அவள் பாம்பைப் பார்ப்பாள். அவர், போன் திரையில், அவளைப் பார்ப்பார். "சாப்பிட்டுச்சாப்பா? தோல் உரிச்சுதாப்பா?" எல்லாம் அதைப் பற்றித்தான். இருந்தாலும் அழைத்தாள். பாம்பு இல்லாவிட்டால் எதற்காக அழைப்பாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

வீட்டுக்காரர் சின்னராசுவுக்கும் அவர் மனைவி ருக்குமணிக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டி மீன் தொட்டி; அப்படித்தான் சொல்லியிருந்தார். போர்வை போட்டு மூடியிருந்தது. வீட்டின் ஒரு பாதியில் அவர்கள், மறுபாதியில் இவர். மருந்தகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வாடகைக்கு வேறு வீடு இல்லை.

பொங்கலுக்கு முந்தைய வியாழக்கிழமை காற்றும் தூறலுமாக வந்து மின்சாரம் போய்விட்டது. சூட்டு விளக்கு அணைந்தது. மலைக்குளிரில் பாம்பு விறைத்துவிடக் கூடாதே என்று வெந்நீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி, எட்ட நின்று இடுக்கியால் பெட்டிக்குள் இறக்கினார். பயத்தில் மூடியைச் சாத்தியவர் கொக்கி விழுந்ததா என்று பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது பாட்டில் ஆறிக் கிடந்தது. பெட்டி காலி.

வாசலைத் தாண்டிவிட்டால் பாம்பு தோட்டத்துக்குப் போய்விடும். தோட்டத்தில் யார் கண்ணில் பட்டாலும் அதோடு முடிந்தது. சவரிமுத்து கதவுக்கடியில் துண்டைத் திணித்தார், ஜன்னல்களை அடைத்தார், கழிவறைக் குழாய்க்கு மேல் கல்லைத் தூக்கி வைத்தார். வேலைக்கு லீவு சொன்னார். பாம்பு வெளியே போகாமலிருக்க அடைத்த வீட்டுக்குள் பாம்போடு அவரும் அடைபட்டார். கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டார். பீரோவுக்குப் பின்னால், அரிசி டிரம்முக்குள், மனைவியின் புடவைப் பெட்டிக்குள் எல்லாம் இடுக்கியால் துழாவினார்.

அவர் கை வைக்காத இடம் ஒன்றே ஒன்று. முன்னறை மூலையில் இருந்த மிளகுக் குவியல்.

மின்சாரம் போன அன்று சாயங்காலம்தான் சின்னராசு அதைக் கொண்டுவந்து கொட்டினார். பறித்த மிளகுச் சரங்களை ஒன்றாகக் குவித்து, கோணியால் மூடிவிட்டால் உள்ளுக்குள் சூடேறும்; பிறகு மிதித்தால் மணி சுலபமாக உதிரும். தூறலில் அவர்கள் பக்கம் இடமில்லை.

"கோணிய மட்டும் யாரும் தூக்கிப் பாத்தரக் கூடாதுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனார். "சூடு போயிருமுங்க. அதுவுமில்லாம, எங்கூட்டுல மொதல்ல ருக்குமணிதான் கோணி மேல ஏறி மிதிக்கணும். அப்புறந்தான் தொறக்கறது. மொத கைப்பிடி சாமிக்குங்க."

மற்றவர் சாமிக்கு வைத்ததில் கை வைப்பது சவரிமுத்துவின் பழக்கமில்லை. குவியலைச் சுற்றிச் சுற்றித் தேடினாரே தவிர, கோணியின் நுனியைக்கூட விலக்கவில்லை.

சனிக்கிழமை ருக்குமணி கதவைத் தட்டினார்.

"ஏனுங்க சார், ஒடம்புக்கு முடியலீங்களா? பட்டப்பகல்ல எல்லாத்தையும் சாத்தி வெச்சிருக்கீங்க."

"சளிம்மா. காத்து ஆகல."

"மிளகு வாசத்துக்குச் சளி ஓடிப்போயிருமுங்க. நாளைக்குக் காலைல மிதிக்க வாரேன். கதவத் தொறந்து வெய்யுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்சாரம் வந்தபாடில்லை. மதியம் மகளின் போன் வரும். சவரிமுத்து வீட்டுக்குள்ளேயே நடந்தார். தரை பனிக்கட்டியாக இருந்தது. நடந்து நடந்து ஓரிடத்தில் நின்றுவிட்டார். நேற்றும் அங்கேதான் போய் நின்றோம் என்று நினைவுக்கு வந்தது. குனிந்து பார்த்தார். மிளகுக் குவியலின் ஓரம். அங்கே மட்டும் தரை வெதுவெதுப்பாக இருந்தது. குளிருக்கு ஒதுங்கத் தன் காலே தேடி வந்த இடத்தை அந்தப் பிராணி தேடாமலா இருந்திருக்கும்?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தார். ருக்குமணி கால் கழுவிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி நின்றார். பின்னால் தார்ப்பாயோடு சின்னராசு.

"தள்ளிக்குங்க சார்," என்று ருக்குமணி குவியலை நோக்கிப் போனார்.

சொல்லாமலே இருந்துவிடலாம். மிதித்தால் பாம்பு நசுங்கும். நசுங்குமுன் ஒரு கடி கடிக்கும். அல்லது அங்கே இல்லாமலும் இருக்கலாம். சொன்னால் வீடு போகும். ருக்குமணியின் வலது கால் எழும்பியது.

"மிதிக்காதீங்கம்மா. உள்ள பாம்பு இருக்கு."

கால் அந்தரத்தில் நின்றது.

"பாத்தீங்களா?" என்றார் சின்னராசு.

"பாக்கல. ஆனா இருக்கும். அது என் பாம்புதான்."

"உங்க பாம்பா?"

"மக வளர்த்தது. உள்ள பெட்டில."

ருக்குமணி காலை மெதுவாகக் கீழே வைத்தார். "மீனுன்னு சொன்னீங்களேங்க. மீனுக்கு வெக்கச் சொல்லி ஒரு நா சோறு வேற குடுத்தனே, அதை என்ன பண்ணுனீங்க?"

"நான் சாப்பிட்டேன்மா."

சின்னராசு சிரிக்கவில்லை. மூலையிலிருந்த கழியை எடுத்தார். சவரிமுத்து குறுக்கே வந்து நின்றார். "விஷம் இல்லீங்க. நானே எடுத்துர்றேன்."

கோணியை ருக்குமணிதான் தூக்கினார். அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பச்சைச் சரங்களுக்கு நடுவே, தட்டில் வைத்ததுபோல, சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. இடுக்கி உள்ளறையில் இருந்தது. அதை எடுக்கப் போனால் கழி இறங்கிவிடும். சவரிமுத்து இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்கினார். ஒன்றரை வருடத்தில் அன்றுதான் அதைத் தொட்டார். ஈரமாக, ஜில்லென்று இருக்கும் என்றே நினைத்திருந்தார். காய்ச்சல் பிள்ளையின் நெற்றிபோலச் சூடாக இருந்தது.

"காளைக்கு ஊசி போடற ஆளு, இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குது," என்றார் சின்னராசு. கழியைக் கீழே வைத்தார். "பொங்கல் கழியட்டுமுங்க சார். அப்புறம் இந்த ஊட்டுல அதுவா நீங்களான்னு நீங்களே சொல்லிருங்க."

அன்று மதியம் போனில் எல்லாவற்றையும் சொன்னார். சேலத்தில் இப்படிப்பட்ட பிராணிகளை வளர்க்கிற ஒருவர் எடுத்துக்கொள்ளச் சம்மதிப்பார் என்றும், பதிவு மோனிஷா பெயரில் இருப்பதால் அவள் கையெழுத்திட்ட கடிதம் வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அவள் போனைப் பெட்டிக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னாள்.

"சரிப்பா. அனுப்பறேன்."

முதல் கடிதம் மாதக் கடைசியில் வந்தது. அதில் பதிவு எண்ணை எழுதாமல் விட்டிருந்தாள். சேலத்துக்காரர் செல்லாது என்று சொல்லிவிட்டார். சவரிமுத்து அதை மகளிடம் உடனே சொல்லவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பேசாமல் போனைப் பெட்டிக்கு எதிரே பிடித்தார். வாசலில் பார்க்கும்போதெல்லாம், "லெட்டர் வந்துச்சுங்களா சார்?" என்று சின்னராசு கேட்டார். "வந்துரும்," என்று சொல்லிச் சொல்லி அவருக்கே நாக்குக் கூசியது. வேறு வீடு தேடினார். பாம்பு விஷயம் மலை முழுக்கப் பரவியிருந்தது. கேட்ட இடத்திலெல்லாம் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொல்லிவிட்டார்.

இரண்டாவது கடிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பதிவு எண், பாம்பின் வகை, ஒப்படைக்கச் சம்மதம், கையெழுத்து. அப்பாவுக்கு என்று தனியாக ஒரு வரி இருக்குமோ என்று தாளைத் திருப்பிப் பார்த்தார். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார். பிறகு உறையின் மூன்று ஓரங்களையும் கிழித்து விரித்துப் பார்த்தார்.

எதுவும் இல்லை. கணக்கு நோட்டை எடுத்து, வழக்கம்போல் எழுதினார்: 03.03.2025 – மகளின் கடிதம்.