கமலநாதன் மைக்கில் சொன்னது

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சந்துக் கடையில் போன் பழுது பார்க்கும் கமலநாதனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும். காப்பாரில் பிறந்தவர். தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்த்துத் தொழில் கற்றார். பெட்டிகள் எல்லாம் தட்டையாகி, கெட்டால் தூக்கிப் போடும் பொருளாகிவிட்ட பிறகு போனுக்கு மாறினார். கை சுத்தம், வேலையும் சுத்தம். வாய்தான் அவர் பேச்சைக் கேட்காது.

சோலார் சார்ஜர் பைத்தியம் அவருக்குப் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், பிற்பகல் வெயிலிலேயே கடை விரிக்கும் வியாபாரிகளால் பிடித்தது. இப்போது காசு வாங்குவதும் சரக்குச் சொல்வதும் போனில்தானே? நட்டநடு வியாபாரத்தில் போன் செத்துப் போகிறது என்று ஆளுக்கு ஆள் வந்து புலம்பினார்கள். மடக்கி வைக்கும் சோலார் பேனல்களை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். நம்மூர் வானத்துக்கு அது ஒத்து வரவில்லை. சற்று வெயில், சற்று மேகம் என்று வானம் கண்ணாமூச்சி ஆடியது. மேகம் மறைத்ததும் போன் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தியது. மேகம் விலகி வெயில் மண்டையைப் பிளந்தாலும் அது மறுபடி தொடங்கவில்லை. யாராவது ஒயரைப் பிடுங்கிச் செருக வேண்டியிருந்தது. அந்தப் பிடுங்கிச் செருகும் வேலையைத் தானே செய்கிற சின்ன சர்க்யூட் ஒன்றைக் கமலநாதன் செய்தார். வெளிநாட்டில் இப்படி ஒன்று ஏற்கெனவே விற்பதாக மகள் ஷாமினி போனில் படம் காட்டினாள். அது வேறு, இது வேறு என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளிநாட்டுக்காரனை அப்படி ஒதுக்கிவிடலாம். கிள்ளான் அன்சாரை ஒதுக்க முடியவில்லை. கிள்ளானில் கடைத்தெருப் பக்கம் போன் கடை வைத்திருந்த அன்சாரும் அதே சமயத்தில் அதே போன்ற சர்க்யூட்டைச் செய்து முடித்திருந்தார். இருவரும் உதிரிப் பாகம் வாங்குகிற இடத்தில் சந்திப்பார்கள், தே தாரிக் குடிப்பார்கள், போன் ஏன் மறுபடி எழுவதில்லை என்று சேர்ந்தே புலம்புவார்கள். புலம்பல் இருவருக்கும் பொது, விடை மட்டும் தனக்கே சொந்தம் என்று கமலநாதன் முடிவு கட்டினார். தான் ஏதோ வாய் தவறி உளறியதை அந்த ஆள் கொத்திக்கொண்டு போய்விட்டான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் பாதி நம்பினார்கள்.

அப்போதுதான் கிள்ளானில் ஓர் இளைஞர் மன்றம் புத்தாக்கப் போட்டி வைத்தது. திடலில் மேசை போட்டு, ஆளுக்கொரு சார்ஜ் தீர்ந்த போனைக் கொடுத்து, யார் கருவி அதிகம் ஏற்றுகிறது என்று பார்ப்பார்கள். அன்று காலை கமலநாதன் தன் சார்ஜரைச் சாமி மேடையில் வைத்துச் சூடம் காட்டி, பேனலின் நடுவில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, மேலே குங்குமம் வைத்தார். புதுக் கார் ஆனாலும் புது மிக்சி ஆனாலும் பொட்டு வைக்காமல் அந்த வீட்டில் எதுவும் ஓடியதில்லை. கை வேறு தாராளம்.

திடலில் போட்டி தொடங்குமுன் அன்சார் இவர் மேசைப் பக்கம் வந்தார். குனிந்து பேனலைப் பார்த்தார். "அண்ணே" என்று ஏதோ ஆரம்பித்தார். கமலநாதன் முறைத்த முறைப்பில் பேசாமல் திரும்பிப் போனார்.

போட்டி தொடங்கியது. வெயில் நெருப்பாகக் காய்ந்தது. அன்சாரின் போன் மளமளவென்று ஏறியது. கமலநாதனின் போன் அசையவே இல்லை. ஒயரை மாற்றினார், சர்க்யூட்டைத் தட்டினார், பேனலைத் திருப்பித் திருப்பி வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. சனம் வேடிக்கை பார்த்தது. அன்சார் குனிந்து நின்ற காட்சி அவர் கண்முன் வந்தது. அவ்வளவுதான். அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"என் ஐடியாவ திருடுனான், சும்மா இருந்தேன். இப்ப என் பேனல்லயே கைய வச்சுட்டான். காலையில என் மேசைகிட்ட வந்து குனிஞ்சு என்னா பண்ணான்னு அவனையே கேளுங்க."

திடல் முழுக்க அது கேட்டது. அன்சாரின் மனைவி மஜீதா கூட்டத்தின் முன்வரிசையில் நின்றார். "நான் தொடலண்ணே" என்று மட்டும் அன்சார் சொன்னார். நடுவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். சத்தியம் செய், சோதித்துப் பார் என்று யாராவது கேட்பதற்குள் அன்சார் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு மனைவியோடு போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று கமலநாதன் பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார்.

சற்று நேரத்தில் மழை கொட்டியது. எல்லோரும் கூடாரத்துக்குள் ஓடினார்கள். பேனல் மேசையிலேயே நனைந்தது. மழை விட்டு வெயில் அடித்தபோது கமலநாதனின் போன் ஏறத் தொடங்கியது. மேகம் வந்தது, போனது, சர்க்யூட் சொன்ன வேலையைச் செய்தது. முதல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பார்த்தீர்களா, ஆள் போனதும் ஓடுகிறது என்றார். கோப்பையோடு வீடு திரும்பியபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

கிள்ளானிலோ அன்சாரின் பெயர் நாறிப் போனது. மைக்கில் பேசியதை யாரோ படம் பிடித்து வாட்சாப்பில் அனுப்பியிருந்தார்கள். கடைக்கு வருகிறவர்கள் சார்ஜரைக் கையில் எடுத்து, இது உங்கள் சொந்தச் சரக்கா, எங்கேயாவது எடுத்ததா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். விடுமுறையில் பிள்ளைகளுக்கு மின்னணு வகுப்பு எடுக்க அவரை அழைத்திருந்த பள்ளி, வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இதெல்லாம் கமலநாதன் காதுக்கும் வந்தது. வரட்டும் என்றிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி லோகேஸ்வரி, மழையில் பொட்டெல்லாம் அழிந்துவிட்டதே, புதிதாக வையுங்கள் என்றார். கடை வாசல் வெயிலில் பேனல் மீட்டரோடு கிடந்தது. கமலநாதன் சந்தனத்தைக் குழைத்து நடுவில் அப்பினார். மீட்டரில் எண் பொத்தென்று விழுந்தது. ஒயரை அழுத்திப் பார்த்தார். பிறகு, தன்னையறியாமல், சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்தார். எண் ஏறியது. மறுபடி அப்பினார். விழுந்தது.

பேனலின் கட்டங்கள் வரிசையாகக் கோத்தவை, ஒன்றை மறைத்தால் மொத்தமும் படுத்துவிடும், ஓர் இலை விழுந்தாலும் தட்டிவிடுங்கள் என்று வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்துகிறவர் அவர். அன்று திடலில் அத்தனை தடவை அந்தப் பேனலைத் திருப்பினாரே, பொட்டு கண்ணில் படாமலா இருந்தது? பட்டது. பொட்டாகத்தான் பட்டது.

"அப்ப அந்த அன்சாரு ஒண்ணும் பண்ணலையா?" என்று லோகேஸ்வரி கேட்டார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஊரே கேட்கக் கூடம் கட்டியவனைத் திருடன் என்று சொல்லிவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அதைவிடக் கேவலம், விஷயம் வீட்டைத் தாண்டாது, பேசாமல் இருந்துவிடலாம் என்றும் அவருக்குத் தோன்றியது. சில நாள் அப்படியே இருந்தும் பார்த்தார். கோப்பையைப் பார்க்க முடியாமல் அலமாரிக்குள் தள்ளினார்.

கடைசியில் ஒருநாள் போட்டிக்காரர்களின் வாட்சாப் குழுவில் நடந்ததைத் தன் குரலிலேயே சொல்லி அனுப்பினார். தப்பு என்னுடையது, அன்சார் எதையும் தொடவில்லை, பரிசைத் திருப்பித் தருகிறேன் என்றார். திட்டு விழும் என்று காத்திருந்தார். விழுந்ததெல்லாம் கைகூப்பிய படங்கள். உங்களுக்குப் பெரிய மனசு அண்ணே என்று பலர் எழுதினார்கள். பரிசெல்லாம் திரும்ப வாங்க மாட்டோம், விடுங்க லா என்றார் மன்றச் செயலாளர் சுகுமாறன். அன்சாரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் எப்போதோ குழுவை விட்டு விலகியிருந்தார். கமலநாதனுக்கு முன்னைவிட அசிங்கமாக இருந்தது.

மறுநாள் கிள்ளானில் அன்சாரின் கடைக்குப் போனார். அவரைக் கண்டதும் மஜீதா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். கமலநாதன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரியும்ணே," என்றார் அன்சார். "அன்னிக்குக் காலையிலயே பாத்தேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"ஏன் சொல்லல?"

அன்சார் கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். "நான் வந்து பொட்ட அழிங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்னு ஒரு யோசன. அப்புறம் நீங்க மைக்க புடுங்கினீங்க. நல்ல வேள, சொல்லலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அப்படியெல்லாம் நான் பேசியிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் கமலநாதன் வாயைத் திறந்தார். பேசியிருப்பார். திருடன் என்பதோடு நிறுத்தியிருக்க மாட்டார். சாமிப் பொட்டை அழிக்கச் சொல்கிறான் பாருங்கள் என்று அதே மைக்கில், அதே கூட்டத்திடம் கத்தியிருப்பார். அந்தக் கூட்டம் என்ன செய்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தன்னை இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கும் மனிதன் முன்னால் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவர் நின்றார்.