மாப்பிள்ளை உட்கார்ந்தால் எரியும் விளக்கு

என் கல்யாணம் பலாபத்வலை என்ற எங்கள் ஊரில், வீட்டுக் கூடத்தில் நடந்தது. ஊரடங்குச் சட்டமும் மின்வெட்டும் மாறி மாறி வந்த காலம். மணவறைப் பிள்ளையார் படம் இருட்டில் கிடக்கக் கூடாதென்று சித்தப்பா நாலு டோர்ச் பெட்டரியும் மூன்று சின்ன பல்புகளும் வாங்கப் போனார். திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்த்த சிப்பாய், எதற்கு இத்தனை பெட்டரி என்று சிங்களத்தில் கேட்டான். சித்தப்பா பயத்தில், “மாப்பிள்ளைக்கு” என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பெட்டரியிலா ஓடுகிறார் என்று கேட்டுச் சிரித்து, அவன் போக விட்டானாம்.

பல்புகளைப் பெட்டரியோடு ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் கோத்து, பிள்ளையார் படத்தைச் சுற்றிக் கட்டினார் சித்தப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாரும் அசந்துபோக வேண்டும் என்று, கம்பியை ஓரிடத்தில் வெட்டி, இரு நுனியிலும் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை ஒவ்வொன்றாக மாட்டி, இடையில் ஓட்டை போட்ட ஸ்பொஞ்சு வைத்து, மாப்பிள்ளை உட்காரும் மெத்தைக்குள் ஒளித்துவிட்டார். ஆள் உட்கார்ந்தால் ஓட்டை வழியே தாள்கள் ஒட்டும், கரண்ட் ஓடும். எழுந்தால் விலகும். இதை என்னிடம் மட்டும் காதில் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள்.

மாப்பிள்ளை உட்கார்ந்தார். பிள்ளையாரைச் சுற்றி மூன்று பல்புகளும் பளிச்சென்று எரிந்தன.

“பிள்ளையாரே சம்மதம் சொல்லிட்டாரு!” என்று மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா உள்ளே வந்தார். மாப்பிள்ளை மரியாதையாக எழுந்தார். விளக்கு அணைந்தது. கூடம் முழுக்க “ஐயோ!” மாப்பிள்ளை மறுபடி உட்கார்ந்தார், எரிந்தது. தன்னிடம் ஏதோ சக்தி இருக்கிறதென்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. சோதித்துப் பார்க்க மெதுவாக ஒரு தடவை எழும்பி உட்கார்ந்தார்.

“அசையாம இருங்க மாப்பிள்ளை” என்று பின்னாலிருந்து சித்தப்பா கெஞ்சினார்.

தாலி கட்டும்வரை சமாளித்தோம். பிறகு ஐயர், “எழும்பி அக்கினியச் சுத்தி வாங்க” என்றார். நாங்கள் எழுந்ததும் பிள்ளையார் படம் இருண்டது. அபசகுனம் என்று யாரோ முணுமுணுப்பதற்குள் சித்தப்பா பாய்ந்து வந்து மாப்பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். வெளிச்சம் வந்தது.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். “ஐயா, மாப்பிள்ளை யாரு? நீங்களா?”

“இல்லைங்க சாமி, நான் விளக்குக்கு.”

பொண்ணு தலை நிமிரக் கூடாது என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்கள். ஆனால் இதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. “எழும்புங்க சித்தப்பா” என்றேன். கூந்தலிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, மெத்தைக்குள் கை விட்டு, இரண்டு ஈயத்தாளின் ஓரத்தையும் சேர்த்துக் கவ்வ வைத்தேன். மெத்தையில் யாருமில்லை. விளக்கு நின்று எரிந்தது.

அக்கினியைச் சுற்றும்போது மாப்பிள்ளை மெல்லக் கேட்டார். “என்ன செஞ்சீங்க?”

“கரண்ட் பெட்டரியில புறப்பட்டு, மூணு பல்புக்குள்ளயும் போய், திரும்ப பெட்டரிக்கே வரணும். நீங்க எழும்பினா வழி அறுந்து போகுது. அறாம கட்டி விட்டேன்.”

“அப்ப எரிஞ்சது என்னால இல்லையா?”

“உங்களாலதான். உங்க பாரத்தால.”

அவர் முகம் வாடிவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் கண்ணில் நீர் வந்தது. பிறந்த வீட்டை விட்டுப் போகும் துக்கம் என்று பெண்கள் ஆளுக்கொரு கைக்குட்டை நீட்டினார்கள்.

சாப்பாடு முடிந்து, ஊரடங்குக்கு முன் புறப்பட வேன் தயாராக நின்றது. மாப்பிள்ளையைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் பட்டு வேட்டியோடு மணவறைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, நடு பல்பைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார்.

“ஒண்ணத்தான் கழட்டுறேன், மத்த ரெண்டும் சேந்து அணையுதே!”

“ஒரே வழிதானே. நடுவுல பாலம் இல்லாட்டி யாரும் போக முடியாது.”

“இன்னொரு தடவ பாக்கட்டுமா?” என்றார். வெளியே ஹோர்ன் அடித்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.