கேமராவில் குறை இல்லை

படத்தின் பின்பக்கத்தில் தேதியும் ஊரும் எழுதுவது காமுவின் வேலை. கல்யாணமாகி வந்த புதிதிலேயே தேசிகன் அதை அவளிடம் தள்ளிவிட்டார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. செங்கல்பட்டு ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தெருத்தெருவாக அலைந்து எடுத்த படங்கள், பதினாறு பிஸ்கட் டின்களில் பரணில் இருந்தன. எல்லாம் கறுப்பு வெள்ளை. பஸ் ஸ்டாண்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர், மாமல்லபுரத்துச் சிற்பத்துக்கு முதுகைக் காட்டிச் சண்டை போடும் புருஷன் பெண்டாட்டி. ஒருவரையும் நிற்கச் சொல்லி எடுத்ததில்லை. சொந்த மகன் கல்யாணத்திலேயே பந்தியில் இலை எடுக்கிறவளைத்தான் எடுத்தார். பெண்ணையும் பிள்ளையையும் எடுக்க வேறு ஆள் வைக்க வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஊரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் கழுவ ஆளில்லாமல் போனது. குளியலறையை இருட்டாக்கிக் கொஞ்ச நாள் தானே கழுவினார். பிறகு பிலிமும் கிடைக்கவில்லை. 2006இல் ரிட்டயரானதும் சுவரைப் பார்த்துப் படுத்தவர் நாலு மாசம் சரியாக எழுந்திருக்கவில்லை. தலை வாரிக்கொள்வதற்குக்கூட காமு சொல்ல வேண்டும். ஜப்பானில் வேலையாயிருந்த மகன் ஹர்ஷவர்தன் லீவில் வந்தபோது ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்தான். பழைய கேமரா மாதிரியே, ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் லீவரைத் தள்ள வேண்டும். எட்டிப் பார்க்கும் ஜன்னலின் நடுவில் ஒரு சின்னச் சதுரம். அதில் எதிரே நிற்பவர் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருகினால் இரண்டும் நகர்ந்து ஒன்றாகும். ஒன்றானதும் அழுத்த வேண்டும். பின்னாலிருந்த திரையைத் தேசிகன் உள்பக்கமாக மடித்தே வைத்திருந்தார். எடுத்ததை அப்போதே பார்ப்பது அவருக்குப் பிடிக்காது.

மறுநாளே எழுந்து ஷேவ் செய்துகொண்டு போனார். ஒரு வருஷம் சதுரங்கப்பட்டினம், கேளம்பாக்கம், திருக்கழுக்குன்றம் என்று கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஆடி மாசம் லேபிலிருந்து வந்த படங்களில் தேதி எழுதும்போதுதான் காமு கவனித்தாள். நாற்பது படத்தில் முப்பது கலங்கல். ஆளுக்குப் பின்னால் இருக்கிற சுவர் தெளிவாக இருந்தது; ஆள் தெளிவாக இல்லை.

அந்த ஞாயிறு அவரோடு சதுரங்கப்பட்டினத்துக்கு அவளும் போனாள். மீன் விற்கும் சந்திரம்மாவுக்கு அவர் எப்போதும் ஒரு பிரதி கொடுப்பார். அவள் அதைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள்.

“இன்னா அய்யரே, மாவு பூசிட்டு எட்த்தியா? போன வர்சம் குட்த்த போட்டோல மூக்குத்திக் கல்ல எண்ணலாம். இதுல மூக்கே எங்கன்னு தேடிக்கினு கீறேன்.”

“அய்யர் இல்லேம்மா, அய்யங்கார்.”

“எதுவா இருந்தா எனக்கு இன்னா? என் மூக்கக் குடு.”

பக்கத்துக் கூடைக்காரிகள் சிரித்தார்கள். தேசிகனும் சிரித்தார். பஸ்ஸில் வரும்போது, “கேமரா எங்கயோ இடிச்சிண்டிருக்கு காமு. உள்ளே கண்ணாடி துளி நகர்ந்தாலும் போச்சு. ரெண்டும் சேர்ந்தா மாதிரி காட்டும், சேர்ந்திருக்காது” என்றார்.

காமு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் நாற்பது வாட் பல்பு அறுபதாகி, டியூப் லைட்டாகி, அதற்கும் மேல் ஒரு பல்பு ஏறியிருந்தது. பேப்பரில் மை சரியில்லை என்று தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, “உள்ளே என்ன போட்டிருக்கான், படி” என்று அவளிடம் நீட்டிவிடுவார். சர்க்கரை அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக இருந்தது.

சென்னையில் கேமரா ரிப்பேர் செய்யும் ஏசுபாதத்திடம் கொண்டுபோனார். ஒரு குறையும் இல்லை என்று வந்தது. புரட்டாசியில் மறுபடி கொண்டுபோனார். அந்தத் தடவை ஏசுபாதம் வீட்டுக்குப் போன் செய்தார். தேசிகன் கடைக்குப் போயிருந்தார்.

“அம்மா, கேமரா கரீட்டா கீது. ஒண்ணுக்கு நாலு தபா பாத்துட்டேன். சார்கிட்ட சொன்னா கோச்சுக்கினாரு. நீங்க அவர கண்ணு டாக்டராண்ட காட்டுங்கம்மா.”

“சரி” என்று வைத்தாள். அவரிடம் சொல்லவில்லை.

மாமனாருக்குப் பதினோரு வருஷம் கண் இல்லாமல் இருந்தது. இலையில் கறி எங்கே, கூட்டு எங்கே என்று விரலைப் பிடித்துக் காட்டியவள் காமு. பாத்ரூம் வாசலில் சொம்போடு நின்றவளும் அவள்தான். ‘ஆபரேஷன் பண்ணித்தான் அப்பாவுக்குப் போச்சு’ என்று தேசிகன் அன்றுவரை கண் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. சொன்னால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். தீபாவளி போகட்டும் என்று நினைத்தாள். பிறகு மார்கழி போகட்டும் என்று நினைத்தாள். அவருக்காக மட்டும் அவள் பயப்படவில்லை. அந்தச் சொம்பை அவளால் இன்னொரு தடவை தூக்க முடியாது.

தை பிறந்ததும் தேசிகன் ஒரு முடிவுக்கு வந்தார். “இதை ஹர்ஷாவுக்கே திருப்பி அனுப்பிடறேன். அங்கேயே பார்க்கட்டும். இங்கே இருக்கிறவாளுக்கு ஒண்ணும் தெரியலே.”

மறுநாள் காலை மாமல்லபுரம் கிளம்பியவர் பின்கட்டு வாசலில் நின்று சட்டை போட்டுக்கொண்டிருந்தார். கேமரா சாப்பாட்டு மேஜையில் இருந்தது. காமு எடுத்தாள். முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய வேலைதான். சதுரத்தில் இரண்டு தேசிகன்கள் தெரிந்தார்கள். வளையத்தைத் திருகினாள். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறி ஒரே ஆளானார்கள். அழுத்தினாள். அவர் கவனிக்கவில்லை.

நாலு நாள் கழித்துப் படம் வந்தது. காது மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. சட்டைத் துணியின் இழை தெரிந்தது. அவர் காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதை அவர் கையில் கொடுத்தாள்.

“யாரு எடுத்தது?”

“நான்தான்.”

வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தார். சந்தோஷமாகவே சொன்னார்: “பார்த்தியா? நீ எடுத்தாலும் கலங்கல்தான். நான் சொன்னேனே, கேமராதான்.”

“ஏன்னா, அப்படியில்லே” என்றாள் காமு. “இது நன்னா இருக்கு.”

அவர் படத்தைக் கீழே வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.

“நன்னா இருக்குன்னா...?”

“காது மயிர்கூடத் தெரியறது.”

அந்த வாரமே சென்னையில் கண் டாக்டரம்மா அரைமணி நேரம் பார்த்தாள். சர்க்கரையால் உள்ளே கசிந்து நடுப்பார்வை போயிருக்கிறது. வலது கண்ணில் அதிகம். லேசர் வைத்து இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றாள். “எப்போலேர்ந்து இப்படி?”

“தீபாவளிக்கு அப்புறமா ஒரு மாதிரி” என்றார் தேசிகன்.

“ஆடிலேர்ந்து” என்றாள் காமு.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். “அப்பவே வந்திருந்தா நிறையக் காப்பாத்தியிருக்கலாமேம்மா.”

தேசிகன் காமு பக்கம் திரும்பினார். அவளுக்குச் சற்றுத் தள்ளி எங்கேயோ பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. முகத்தை நேராகப் பார்த்தால் அவருக்கு முகம் தெரியாது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. தாம்பரம் தாண்டியது. திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தாள்: மாமனார், சொம்பு, சுவர் எல்லாம். கூடுவாஞ்சேரியில் சமோசாக்காரன் ஏறி இறங்கினான்.

“ஏசுபாதம் உனக்குப் போன் பண்ணினானோ?”

“பண்ணினார்.”

“ம்.”

சிங்கப்பெருமாள் கோயில் வந்தது. அவர் பையிலிருந்து அவள் எடுத்த படத்தை வெளியே எடுத்து, தடவிப் பார்த்து, அவளிடம் நீட்டினார்.

“இதுல நான் எப்படி இருக்கேன்? சொல்லு.”

காமு பார்த்தாள். நல்ல வெயில், நல்ல படம். அவர் எடுத்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

“சட்டை பட்டன் மாத்திப் போட்டுண்டிருக்கேள். ஒரு பக்கம் தூக்கிண்டு நிக்கறது.”

“அப்படியேதான் மாமல்லபுரம் முழுக்க அன்னிக்குச் சுத்தினேனா?”

“ஆமாம்.”

அவர் அணிந்திருந்த சட்டையின் பட்டன்களைக் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசி பட்டன்வரை வந்து நிறுத்தினார்.

“அதையாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி” என்றார்.